ஹைப்ரிட் எஸ்.யூ.வி. வாங்கியாச்சு, இனி?

ஹைப்ரிட் வண்டி வாங்கியவரிடம் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "எங்க சார்ஜ் போடுவீங்க?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அந்தப் பெரிய பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகுமாமே?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம், எங்கேயும் சார்ஜ் போட வேண்டாம். இரண்டாவதுக்கு என் அனுபவத்தைத்தான் சொல்வேன். ஹைப்ரிட்டுக்கு மாறிய பிறகு என் வண்டி நகராமல் நின்றது ஒரே ஒரு காலையில்தான். அன்றைக்குக் காலை வாரியது பெரிய பேட்டரி அல்ல, எல்லாக் கார்களிலும் இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி. தப்பும் என்னுடையதுதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இங்கே நான் பேசுவது பிளக் இல்லாத 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்' பற்றி. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுபவை டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும். இரண்டும் 2022-இல் வந்தவை, உள்ளே இருக்கும் ஏற்பாடும் ஒன்றேதான்: 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மின் மோட்டார், பின்பக்கம் ஒரு லித்தியம் பேட்டரி. இதே பெயர்களில் 'மைல்டு ஹைப்ரிட்' வண்டியும் விற்கிறார்கள். அது மோட்டாரால் மட்டும் ஓடாது, கீழே சொல்வதில் பாதி அதற்குப் பொருந்தாது. இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் எண்களை விட்டுவிட்டுப் பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹைரைடரின் ஹைப்ரிட் பேட்டரி 0.76 கிலோவாட்-ஹவர். ஈ.பி. கார்டு கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட் கரண்ட். வீட்டில் ஒரு சீலிங் ஃபேனை ராத்திரி முழுக்க ஓட்டலாம், அவ்வளவுதான். முழு மின்சாரக் காரில் இதைப் போல நாற்பது ஐம்பது மடங்கு இருக்கும். அதனால் "பெட்ரோல் தீர்ந்தாலும் பேட்டரியில் வீடு வந்து சேரலாம்" என்ற நினைப்பே வேண்டாம். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிது, அப்படி ஓட்டிக் காலியாக்குவது பேட்டரிக்கும் கேடு. பெட்ரோல் விளக்கு எரிந்தால் அடுத்த பங்கிலேயே நிறுத்துங்கள்.

இந்தச் சின்னப் பேட்டரியின் வேலை சேமித்து வைப்பது அல்ல, கை மாற்றுவது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தைக் கரண்டாக வாங்கி, அடுத்த சிக்னலில் வண்டியைக் கிளப்பக் கொடுக்கும். முழுக்கக் காலியாகவும் விடாது, முழுக்க நிரம்பவும் விடாது, கம்ப்யூட்டர் அதை நடுவாகவே வைத்திருக்கும். திரையில் பேட்டரிக் கட்டங்கள் இரண்டுக்கு இறங்கியதும் பதறி ஃபோன் செய்பவர்கள் உண்டு. பதற வேண்டாம், தேவையானபோது இன்ஜின் தானே கிளம்பி நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, இதில் கியர்பாக்ஸ் என்று நாம் நினைப்பது கியர்பாக்ஸே அல்ல. இன்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் மூன்றையும் ஒரு பல்சக்கரக் கூட்டு சேர்த்துப் பிடித்திருக்கிறது. கிளட்ச் இல்லை, செல்ஃப் மோட்டார் இல்லை, டைனமோ இல்லை. ரிவர்ஸ் போவதுகூட மின் மோட்டாரால்தான். பழுதாகிற சாமான்கள் பல இதில் கிடையாது என்பதை விற்பனையாளர்கள் ஏனோ பெருமையாகச் சொல்வதில்லை.

கிளப்புவதற்கு முன்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததுமே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கலாம். அது பிரேக் பம்ப், கோளாறு அல்ல. பிரேக்கை மிதித்தபடி பொத்தானை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் வராது. டேஷ்போர்டில் பச்சை நிறத்தில் 'ரெடி' என்ற விளக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்துவிட்டால் வண்டி ஓடத் தயார். பிரேக்கை மிதிக்காமல் அழுத்தினால் பாட்டும் விளக்கும் வரும், வண்டி கிளம்பாது, 12 வோல்ட் பேட்டரிதான் கரையும்.

ஹைப்ரிட்டில் நான் பார்த்த பெரிய ஆபத்து இந்த ரெடி விளக்கில்தான் இருக்கிறது. சத்தம் இல்லாததால் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து இறங்கிவிடுவோம். உள்ளே பேரன் இருப்பான், ஏதாவது ஒன்றை மிதிப்பான். ஆகவே இந்த வரிசையை ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: பார்க், கை பிரேக், பொத்தான், ரெடி அணைந்ததா, அப்புறம் கதவு. பானெட்டைத் திறப்பதற்கு முன்பும் இதே வரிசைதான். ரெடியில் இருக்கும் வண்டியில் இன்ஜின் எந்த நொடியிலும் தானே கிளம்பும், கை உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஷட்டர் போட்ட கராஜில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்வதும் தூங்குவதும் கூடவே கூடாது. கரண்டில்தானே ஓடுகிறது என்று தோன்றும். சற்று நேரத்தில் பேட்டரி இறங்கி இன்ஜின் கிளம்பும், புகை வெளியே போக வழி இருக்காது.

தெருவில் மெதுவாகப் போகும்போது நடப்பவர்களுக்கு நீங்கள் வருவது தெரியாமல் போகலாம். மார்க்கெட் சந்து, கோயில் வாசல், பள்ளிக்கூடம் விடும் நேரம், இங்கெல்லாம் அவர்கள் ஒதுங்குவார்கள் என்று நம்பாமல் நீங்களே நின்று போங்கள்.

ஓட்டும் விதம்

மைலேஜ் பைத்தியம் பிடித்த புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, மோட்டாரில் மட்டும் ஓட்டுவதற்கான ஈ.வி. பொத்தானை எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பது. பேட்டரியில் இருக்கிற கரண்ட் எங்கிருந்தோ வந்தது அல்ல, பெரும்பாலும் உங்கள் பெட்ரோலில் இருந்து வந்ததுதான். அதை வலிந்து காலி செய்தால் பிறகு இன்ஜின் கூடுதலாக உழைத்து நிரப்ப வேண்டும். ராத்திரி பார்க்கிங்கில் சத்தமில்லாமல் வண்டியை நகர்த்த அந்தப் பொத்தான் நல்லது. மற்றபடி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது தப்பு, மாட்டுவண்டி போலக் கிளம்புவது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள் என்பது ஒரு பக்கம். இன்ஜினுக்கும் பாதி உயிரில் இழுப்பதைவிடக் கொஞ்சம் நன்றாக இழுத்துவிட்டு ஓய்வெடுப்பதுதான் சௌகரியம். இயல்பாக 50 வரை ஏறுங்கள், காலைத் தளர்த்துங்கள், இன்ஜின் அணைந்ததும் மெல்ல மிதித்து அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரில் சார்ஜ், ஈகோ, பவர் என்று மூன்று பகுதிகள் இருக்கும். முள் ஈகோவில் இருந்தால் போதும். முந்தும்போது பவருக்குப் போனால் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம், அதற்காகத்தானே காசு கொடுத்தோம்.

பிரேக்தான் உண்மையான சேமிப்பு. சிகப்பு விழுவது தூரத்திலேயே தெரிந்தால் அங்கிருந்தே லேசாகப் பிரேக்கில் கால் வையுங்கள். மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த வேகத்தைக் கரண்டாக்கும். கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் பேட்டரியால் அவ்வளவையும் ஒரேயடியாக வாங்கிக்கொள்ள முடியாது, மிச்சம் பிரேக் பேடில் சூடாகப் போகும்.

சிக்னலில் நியூட்ரல் போடுவது நம்மில் பலருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். இதில் அதை விட்டுவிடுங்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆகாது. ஏ.சி. மட்டும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். டிரைவிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள், நீண்ட நெரிசல் என்றால் பார்க் போடுங்கள்.

அரசு சோதனையில் ஹைரைடருக்குச் சொல்லும் கணக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். ரோட்டில் அது வராது. சாதாரணக் காருக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும், ஊருக்குள் குறையும். இதற்கு அநேகமாகத் தலைகீழ். கோவையிலிருந்து சேலத்துக்கு 110-இல் விரட்டிவிட்டு "ஹைப்ரிட் ஏமாத்து வேலை" என்று சொல்பவரிடம் 80, 90-இல் ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் கிளம்பியதும் முதல் சில நிமிடங்கள் இன்ஜின் சூடாவதற்காகவே ஓடும். ஆகவே பால் வாங்க ஒரு தடவை, காய் வாங்க ஒரு தடவை, கோயிலுக்கு ஒரு தடவை என்று தனித்தனியாக எடுத்தால் மைலேஜ் பாதாளத்துக்குப் போகும். ஒரே சுற்றில் முடியுங்கள், அல்லது ஸ்கூட்டரை எடுங்கள்.

மலையிறக்கம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜின் இரைச்சலாக ஓடும், பேட்டரி இறங்கும், அது சகஜம். இறங்கும்போதுதான் புதியவர்களுக்குக் குழப்பம்.

கியர் லீவரில் டிரைவுக்கு அடுத்து 'பி' (B) என்று ஓர் எழுத்து இருக்கும். அது பார்க் இல்லை, இன்ஜினால் பிரேக் பிடிப்பதற்கான நிலை. டிரைவிலேயே இறங்கினால் ஆரம்பத்தில் எல்லாம் அழகாக இருக்கும்: காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் பேட்டரி நிரம்பிக்கொண்டே வரும். ஆனால் முக்கால் யூனிட் எவ்வளவு நேரம் வாங்கும்? சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும். அதன் பிறகு கரண்டாக மாற்ற இடமில்லை, வண்டியின் எடையில் பெரும்பகுதி பிரேக் பேடு மேல் விழும். அடுத்த இருபது வளைவுகளுக்கு அப்படியே மிதித்துக்கொண்டு வந்தால் பேடு கொதித்துப் பிடிப்பு குறையும்.

இறக்கம் தொடங்கும் இடத்திலேயே அந்த நிலைக்கு மாற்றுங்கள். பேட்டரி நிரம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் பயங்கரமாக உறுமத் தொடங்கும். காலோ ஆக்ஸிலரேட்டரில் இல்லை. முதல் தடவை கேட்டபோது நானே ஓரமாக நிறுத்திவிட்டேன். அங்கே நடப்பது இதுதான்: மிஞ்சிய கரண்டைச் செலவழிக்க, ஜெனரேட்டர் இன்ஜினைச் சும்மா சுழற்றுகிறது. பெட்ரோல் உள்ளே போவதில்லை. அந்த உறுமல்தான் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, கேட்டுக்கொண்டே இறங்குங்கள். சமவெளி வந்ததும் மறக்காமல் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் மைலேஜ் அடிபடும்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழைய டிரைவர்கள் யாரிடமாவது சாவி கொடுப்பதாக இருந்தால் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நியூட்ரலில் மோட்டார் பிரேக்கும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை.

அந்தச் சின்ன பேட்டரி

போன மே மாதம் ரயிலில் சென்னைக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டேன். திரும்பி வந்து சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவித் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் இல்லை. நிறுத்தியிருக்கும்போதும் ஓடும்படி நான் மாட்டியிருந்த டேஷ்கேமரா சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்திருந்தது. பின்னால் பெரிய பேட்டரி நிறையக் கரண்ட் இருந்தது, ஒரு பிரயோஜனமும் இல்லை.

12 வோல்ட் பேட்டரி இதில் இன்ஜினைச் சுழற்றுவதில்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைத்துவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஒரு தட்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. சாதாரணக் காரில் பேட்டரி சாகப்போகிறது என்றால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சொல்லிவிடும். இதில் செல்ஃப்பே இல்லையே, முன்னறிவிப்பு கிடையாது. நேற்று ஓடிய வண்டி இன்று ஓடாது.

அதனால் செய்ய வேண்டியது: வண்டி சும்மா நிற்கும் காலத்தில் வாரம் ஒரு தடவை, வெளிக்காற்று உள்ள இடத்தில், ரெடி நிலையில் பார்க்கில் வைத்து அரை மணிக்கு மேல் விடுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. டேஷ்கேமராவின் பார்க்கிங் வசதியை ஊருக்குப் போகும்போது அணையுங்கள். சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே தொங்கவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் இந்த பேட்டரியைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதையும் வாங்கிய வாரத்திலேயே கண்டுபிடித்து வையுங்கள். ஹைப்ரிட்களில் சிலவற்றில் பானெட்டுக்குள் இருக்கும், சிலவற்றில் பின்னிருக்கைப் பக்கமோ டிக்கியிலோ இருக்கும். டிக்கி மின்பூட்டாக இருந்து பேட்டரியும் அதற்குள்ளேயே இருந்தால் வேடிக்கைதான். அப்படிப்பட்ட வண்டிகளில் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்று, அதாவது இன்னொரு பேட்டரியின் கரண்டில் கிளப்புவதற்கென்று, பானெட்டுக்குள் தனி முனை கொடுத்திருப்பார்கள், கையேட்டில் பாருங்கள்.

அடுத்தவர் வண்டியிலிருந்து நீங்கள் ஜம்ப் எடுக்கலாம், பிளஸ் மைனஸ் மாறாமல் மாட்டினால் சரி. நீங்கள் அடுத்தவருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். டீசல் வண்டியின் செல்ஃப் இழுக்கும் கரண்டுக்கு இந்தச் சின்ன பேட்டரியும் அதன் சுற்றும் படைக்கப்படவில்லை. மனசு கேட்காவிட்டால் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டுக் கொடுங்கள்.

பெரிய பேட்டரி மூச்சுவிடட்டும்

பெரிய பேட்டரிக்கு எதிரி சூடு. இதை ஆற்றுவது வண்டிக்குள் இருக்கும் காற்றுதான், நாம் உட்கார்ந்திருக்கும் அதே ஏ.சி. காற்று. பின்னிருக்கை அருகே அதை உள்ளே இழுக்கும் ஒரு சல்லடைத் திறப்பு இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதை ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் மேல் துண்டு, பை, கட்டைப்பை நிறையத் தேங்காய் என்று எதையும் சாத்தாதீர்கள். பின்னாலிருக்கும் குழந்தைகள் முறுக்குத் தூளை அதில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்கள் வண்டியில் அதைக் கூட்டிப்போனால் இன்னும் கவனம், முடி போய் அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வடிகட்டியை சர்வீஸின்போது சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுகிற இடங்களும் உண்டு.

அக்னி நட்சத்திர வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டியை எடுக்கும்போது, முதலில் நான்கு கண்ணாடியையும் இறக்கி வெக்கையை வெளியே விடுங்கள், பிறகு ஏ.சி. போடுங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த ஏ.சி. இல்லாமல் புழுங்கிக்கொண்டு ஓட்டுவது இதில் தப்புக்கணக்கு. நீங்கள் வேர்த்தால் பேட்டரிக்கும் வேர்க்கும்.

சர்வீஸில் கவனிக்க

10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது. இன்ஜின் பாதி நேரம் ஓடவே இல்லையே என்று ஆயிலைத் தள்ளிப்போடாதீர்கள். அடிக்கடி அணைந்து குளிர்ந்து மறுபடி கிளம்புகிற இன்ஜினுக்கு ஆயில் சுத்தமாக இருப்பது இன்னும் அவசியம். ஆயில் தண்ணீர் மாதிரி மெலிசாக இருக்கும். "கெட்டியா ஊத்துனாதான் சார் நல்லது" என்று வெளியே யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கையேட்டில் போட்ட தரம்தான்.

கூலன்ட் டப்பா இதில் இரண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று கரண்டை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டருக்கு. மாதம் ஒரு தடவை இரண்டிலும் மட்டத்தைப் பாருங்கள். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். இன்வெர்ட்டர் சூடேறினால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மீறினால் நின்றுவிடும்.

பிரேக் பேடு ரொம்ப நாள் உழைக்கும், மோட்டார்தான் பாதி வேலையைச் செய்கிறதே. இதுவே ஒரு தொல்லையும் ஆகும். கடலோர ஊர்களில் அதிகம் உபயோகிக்காத பிரேக் துருப்பிடித்து இறுகும். தேய்மானம் இல்லை என்றாலும் வருடம் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றுங்கள்.

டயர் காற்று மாதம் இரண்டு தடவை, காலையில், வண்டி ஓடாமல் இருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. காற்றுக்குறைவு தின்கிற மைலேஜை எந்த ஓட்டும் வித்தையும் திருப்பித் தராது.

டொயோட்டா இந்தியாவில் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும், பேட்டரி நிலை சோதித்த தாளையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த ஃபைலுக்குத் தனி மதிப்பு. வெளிக்கடையில் ஒயரை வெட்டி ஹாரனும் விளக்கும் மாட்டினால் அதே உத்தரவாதத்தில் பிரச்சினை வரும். எலித் தொல்லை உள்ள இடம் என்றால் வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிற ஒயரைக் கடித்திருந்தால் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். ஹைரைடர் பேட்டரி 177.6 வோல்ட், நேர் மின்சாரம், ஆளைக் கொல்லும்.

தண்ணீர், விபத்து, கட்டி இழுப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். ஹைப்ரிட்டில் கூடுதல் சிக்கல் இரண்டு. பேட்டரி பின்பக்கம் தாழ்வாக இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் மோட்டாரில் மெல்லப் போய்விடலாம் என்று நினைத்தால், நடுவில் இன்ஜின் தானே கிளம்பித் தண்ணீரை உறிஞ்சிவிடக்கூடும். ஆழம் தெரியாத தண்ணீரில் இறக்காதீர்கள். நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், வடிந்த பிறகும் பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்பு இருக்கிறதா, ஹைப்ரிட் பேட்டரி அதில் அடங்குமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மோதல் ஏற்பட்டால் பார்க் போட்டு ஆஃப் செய்துவிட்டு, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். 112-க்குச் சொல்லும்போது ஹைப்ரிட் வண்டி என்பதையும் சொல்லுங்கள், வெட்டித் திறக்க வருபவர்களுக்கு அது முக்கியம். பின்பக்கத்திலிருந்து புகை வந்தால் பையை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள்.

பழுதான வண்டியைக் கயிறு கட்டி, முன்சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று கரண்ட் உற்பத்தியாகும், உள்ளே எதையாவது எரிக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் லாரிதான் வேண்டும். உதவி எண்ணுக்குக் கூப்பிடும்போதே "ஹைப்ரிட், ஃப்ளாட்பெட் அனுப்புங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். ஒரு தடவை சொன்னால் கொக்கி வண்டிதான் வந்து நிற்கிறது.